வாசகர் கேள்விகள்: வேதமும் வீட்டுக் கணக்கும்

கேள்வி: காலையில் வேத வாசிப்பு, இரவில் குடும்ப ஜெபம், ஆண்டு முழுவதற்கும் ஒரு வாக்குத்தத்த வசனம் என்று தவறாமல் நடத்திவருகிறோம். ஆனாலும் எங்கள் பேச்சிலும் நடத்தையிலும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்று கல்லூரியில் படிக்கும் என் மகளே சொல்லுகிறாள். வசனத்தின்படி நடப்பதை எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மகள் சொன்னதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதுவே நல்ல தொடக்கம். தங்கள் வாக்குத்தத்த அட்டையையே எடுத்துக்கொள்வோம். ஆண்டு இறுதி இரவு ஆராதனையில் பலருடைய கைக்கு வருகிற வசனம், உங்கள்பேரில் நான் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று ஆறுதல் சொல்லும் எரேமியா 29:11. அது, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து தீர்க்கதரிசி எழுதியனுப்பிய கடிதத்தின் நடுவில் வருகிறது. அந்தக் கடிதமோ, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் சிறையிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று முதலில் வேலை சொல்லிவிட்டு, விடுதலைக்கு 70 ஆண்டு செல்லும் என்று தெரிவித்த பிறகே அந்த ஆறுதலைக் கூறுகிறது. அட்டையில் அதற்கெல்லாம் இடமில்லை. ஆகையால் இந்த ஆண்டு தங்களுக்குக் கிடைத்த வசனம் உள்ள அதிகாரத்தைக் குடும்பமாக முழுவதும் வாசித்து, அதில் செய்யச் சொல்லியிருப்பவற்றுள் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு, அதை யாரிடத்தில் செய்ய வேண்டும் என்று ஆளின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரோ மாமியார் பெயரோ வாயில் வரும்போதுதான் கட்டளை கசக்கத் தொடங்கும். அந்தப் பேச்சில் மகளையும் உட்காரவையுங்கள்.

கேள்வி: எங்கள் தகப்பனார் உயில் எழுதாமல் காலமானார். திருமணத்தின்போது நகையும் சீதனமும் பெற்றுக்கொண்ட என் தங்கை இப்போது வீட்டிலும் தோப்பிலும் பங்கு கேட்கிறாள். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்து, பேச்சையும் நிறுத்திவிட்டாள். நான் அவளை மனதார மன்னித்துவிட்டேன். ஆராதனையில் திருவிருந்தில் (நற்கருணையில்) நான் பங்குபெறத் தடை ஏதும் உண்டா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் தங்கை செய்த குற்றம் இன்னதென்று தங்கள் கடிதத்தில் எனக்குத் தட்டுப்படவில்லை. மத்தேயு 5:23, 24 வசனங்களை மறுபடியும் நிதானமாக வாசியுங்கள். காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேல் தன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று இயேசு சொல்லுகிறார். மனத்தாங்கல் மற்றவருக்கு, எழுந்து போக வேண்டியவரோ பலிபீடத்தின் முன் நிற்பவர். இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயாவைச் சேர்ந்தவர்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். ஊருக்குத் திரும்பிப்போய் ஒப்புரவாகி மறுபடியும் வர, போக மூன்று நாள், வர மூன்று நாள் நடக்க வேண்டியிருந்திருக்கும். தங்கள் தங்கை அவ்வளவு தொலைவில் இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது.

இனி, அவர் கேட்பது நியாயமா என்று பார்ப்போம். தங்கள் பகுதி முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு என்று வைத்திருந்தது. அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் முதற்கொண்டே செல்லாது என்று தகப்பனார் சொத்தில் சம பங்கு கேட்டு மேரி ராய் என்ற பெண்மணி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. இப்போது பொருந்துவது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி, தாயார் உயிரோடிருந்தால் அவருக்குரிய மூன்றில் ஒரு பங்கு போக, மீதி மகனுக்கும் மகளுக்கும் சமம். தகப்பனார் தம் வாழ்நாளில் மகளுக்குக் கொடுத்த நகையையும் பணத்தையும் அந்தப் பங்கில் கழிக்கக் கூடாது என்று அதன் 49ஆம் பிரிவு சொல்லுகிறது. சட்டம் உலகத்தாருடையது, வேதம் வேறு என்று சொல்லத் தோன்றினால் யோபு 42:15ஐப் பாருங்கள். ஏழு குமாரர் இருந்தும் யோபு தன் மூன்று குமாரத்திகளுக்கும் அவர்கள் சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான். அந்த அதிகாரத்தில் யோபு இரட்டிப்பாகப் பெற்றுக்கொண்டதைப் பற்றி நாம் கேட்டிருக்கிற பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. இந்த வசனத்தைப் பற்றி ஒன்றாவது கேட்டதுண்டா?

திருவிருந்துக்குப் போகாமல் ஒதுங்கியிருப்பதனாலும் காரியம் முடிந்துவிடாது. போய்விட்டுத் திரும்பி வருவதுதான் கட்டளை. தங்கை வீட்டுக்குத் தனியாகப் போங்கள்; பத்திரத்தைக் கொண்டுபோகாதீர்கள். அவருக்கு உரிய பங்கைக் கொடுக்கச் சம்மதம் என்பதைத் தாங்களே முதலில் சொல்லுங்கள். அதன் பிறகும் அவர் முகங்கொடுக்காவிட்டால், கூடுமானால் உங்களாலானமட்டும் சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12:18 வைத்திருக்கிற எல்லை தங்களுக்கும் உண்டு. ஆனால் அந்த எல்லை தங்கள் வாசற்படியோடு முடிந்துவிடுவதில்லை.

கேள்வி: ஞாயிறன்று ஆராதனைக்கு நேரமாகிவிடுவதால், வீட்டு வேலை செய்யும் அம்மாவை அன்று மட்டும் காலை ஐந்தரைக்கே வரச் சொல்லுகிறோம். இது தவறா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: ஓய்வுநாள் கட்டளை, உபாகமம் 5:14இல், வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது, நீயும் எகிப்திலே அடிமையாயிருந்தாய் என்று அடுத்த வசனம் காரணம் காட்டுகிறது. நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கும் அன்று சம்பளத்தோடு விடுமுறை கொடுங்கள். முந்தின நாள் பாத்திரங்களை நாமே கழுவிக்கொள்ளலாம்.

கேள்வி: பொதுமக்கள் அன்றாடம் வந்துபோகும் அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். கைக்கூலி வாங்காமல் அங்கே இருப்பது கடினம். வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வருவதே வசனத்துக்குக் கீழ்ப்படிவதாகும் என்று நண்பர் ஒருவர் சொல்லுகிறார். தங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இதே கேள்வியை யோர்தான் கரையில் சிலர் கேட்டிருக்கிறார்கள். லூக்கா 3ஆம் அதிகாரத்தில் வரி வசூலிக்கும் ஆயக்காரர் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, சுங்கச்சாவடியை விட்டுவிடுங்கள் என்று யோவான் ஸ்நானகன் சொல்லவில்லை; கட்டளையிடப்பட்டதற்கு மேல் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார். போர்ச்சேவகருக்கும் அப்படியே: யாரையும் மிரட்டாதிருங்கள், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதிருங்கள், உங்கள் சம்பளம் போதுமென்றிருங்கள். வனாந்தரத்தில் வெட்டுக்கிளி தின்று வாழ்ந்த மனிதர், ஒருவரையும் தம்மோடு வனாந்தரத்துக்கு வரச் சொல்லவில்லை. வேலையை விட்டால் தங்கள் மனது இலேசாகலாம். ஆனால் நாளைக்குச் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கிற மூதாட்டிக்கு அதனால் என்ன பயன்? அவருடைய மனுவை வாங்கி, ஒப்புகைச் சீட்டுக் கொடுத்து, உரிய நாளுக்குள் முடித்துக் கொடுங்கள். உடன் பணிபுரிகிறவர்கள் ஒதுக்குவார்கள், இடமாற்றமும் வரலாம். அதை முன்கூட்டியே வீட்டாரிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.