பனி உருகி ஆற்றுக்கு எவ்வளவு வருகிறது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

களனி கங்கை வெள்ளக் கணிப்பைப் பற்றி எழுதியபோது, இமயமலை ஆறுகளைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். இதோ பதில்கள்.

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: சேர், உருகும் பனியை எப்படிக் கணக்கிடுவது?

மிக எளிய வழி பாகை-நாள் முறை, மகள். பூச்சியத்துக்கு மேலே உள்ள ஒவ்வொரு பாகைக்கும் ஒரு நாளில் இத்தனை மில்லிமீற்றர் உருகும் என்று எடுத்துக்கொள்வோம். 5 மில்லிமீற்றர் என்று வையுங்கள். சராசரி 4 பாகை என்றால் 20 மில்லிமீற்றர். 10 சதுர கிலோமீற்றர் பனிப்பரப்பில் அது 2 இலட்சம் கன மீற்றர் தண்ணீர். பனி உருகி ஆற்றில் எவ்வளவு ஓடும் என்று கணிக்க 1975இல் நீரியலாளர் மார்ட்டினெக் வெளியிட்ட மாதிரியுருவுக்கும் (கணக்கீட்டு முறைக்கும்) இதுதான் அடிப்படை.

கொட்டாஞ்சேனை, ஆசிரியர்: மலை உச்சியில் வெப்பமானி வைத்திருப்பார்களா?

பெரும்பாலும் இல்லை, பள்ளத்தாக்கில்தான் இருக்கும். கொழும்பில் 28 பாகை இருக்கும்போது நுவரெலியாவில் 16 பாகை அளவில் இருக்கிறதே, அதே கணக்குத்தான் அங்கேயும். 2500 மீற்றரில் 16 பாகை, கிலோமீற்றருக்கு 6.5 குறைகிறது என்றால் 4500 மீற்றரில் 3 பாகை. 5.5தான் குறைகிறது என்றால் 5 பாகை. கிலோமீற்றருக்கு ஒரு பாகை வித்தியாசத்தில் உருகும் அளவு மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது, பாருங்கள்.

தெஹிவளை, பல்கலைக்கழக மாணவர்: என் மாதிரியுரு அளந்த நீரோட்டத்தோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. இது போதும்தானே அண்ணா?

போதாது தம்பி. நான் அதிகம் கவலைப்படுவதே இந்த இடத்தில்தான். மலையில் காற்று பனியை அடித்துக்கொண்டு போவதால் மழைமானிக்குள் விழுவது குறைவு. அந்தக் குறைந்த கணக்கை உள்ளே கொடுத்தால், ஆற்றில் ஓடும் தண்ணீரை ஈடுகட்ட மாதிரியுரு பனியாற்றை, அதாவது மலையில் மெல்ல நகரும் பெரிய பனிக்கட்டித் திணிவை, கூடுதலாக உருக்கும். கடைசியில் மொத்தம் சரியாக வரும், ஆற்று நீரில் மழை, பனி, பனியாறு ஒவ்வொன்றின் பங்கும் பிழையாக இருக்கும். அதனால் நீரோட்டத்தோடு மட்டும் நிறுத்தாதீர்கள். மோடிஸ் செய்மதிப் படத்தில் பனி எந்த வாரத்தில் எங்கே இருந்தது என்று பாருங்கள், 500 மீற்றர் நுணுக்கத்தில் கிடைக்கும். அப்புறம் பனியாற்றில் நட்ட கம்புகள் ஆண்டுக்கு எவ்வளவு வெளியே தெரிகின்றன என்ற அளவோடும் ஒப்பிடுங்கள். இவை மூன்றும் ஒத்துவந்தால் உங்கள் பங்குக் கணக்கை நானும் நம்புவேன்.

மருதானை, வாசகர்: கல்மண் மூடிய பனியாறு கூடுதலாக உருகுமா?

மெல்லிய தூசி வெயிலை உறிஞ்சிக் கூடுதலாக உருக்கும். தடித்த கல்மண் படை, மரத்தூள் போட்டு மூடிய ஐஸ் கட்டியைப் போல, உள்ளே வெப்பத்தை விடாது.

பம்பலப்பிட்டி, வாசகி: கங்கையில் பனித் தண்ணீர் எத்தனை வீதம்?

எந்த இடத்தில், எந்த மாதத்தில் என்றும் சொல்லுங்கள் அக்கா. ஆறு தொடங்கும் கோமுகத்தில் கங்கோத்திரிப் பனியாறு உருகிய தண்ணீர்தான் பெரும்பாலும். பாட்னாவுக்கு வரும்போது பருவமழையின் பங்கு அதை விழுங்கிவிடும். சிந்து நதி வேறு. கீழ்ப்பகுதி வறண்டது, மழை குறைவு, அதனால் உருகும் நீரின் பங்கு அங்கே மிகப் பெரியது. பனியாறுகள் சுருங்கச் சுருங்க, முதலில் சில காலம் நீர் கூடும், பிறகுதான் குறையும். அந்தத் திருப்பம் எப்போது என்று கணிக்கத்தான் பங்குகள் சரியாக இருக்க வேண்டும்.