காரின் பெட்ரோல் டேங்கை வீட்டிலேயே கழற்றி மாற்றலாமா?

கேள்வி: என் காரின் பெட்ரோல் டேங்க் கசிகிறது. புது டேங்க் வாங்கி நானே மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன். ஜாக், ஸ்பேனர் எல்லாம் இருக்கிறது, சின்னச் சின்ன வேலைகள் செய்து பழக்கமும் உண்டு. ஆபத்தில்லாமல் எப்படிச் செய்வது?

செய்யலாம். கழற்றி மாட்டுகிற வேலை அப்படியொன்றும் கஷ்டமில்லை. இரண்டு இரும்புப் பட்டை, சில போல்ட், நாலைந்து ஹோஸ், ஒன்றிரண்டு ஒயர் சாக்கெட், அவ்வளவுதான். ஆனாலும் கார் வேலைகளில் தனியாளாக இருந்து செய்ய நான் மறுக்கிற வேலை இது ஒன்றுதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால், கசிவது டேங்க்தானா என்று பாருங்கள். ஃபுல் டேங்க் போட்டால் மட்டும் வாடை வருகிறது, பாதியானதும் போய்விடுகிறது என்றால், டேங்கின் மேல்பக்கத்தில் பம்பைச் சுற்றியுள்ள ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அல்லது மேலேயுள்ள ஹோஸ்தான் காரணமாக இருக்கும். பெட்ரோல் போடும்போது மட்டும் சொட்டினால், வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். எரிபொருள் குறைவாக இருக்கும்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால்தான் டேங்கின் அடிப்பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். நிறைய கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் கீழே ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தாலே பம்பும் ஓ-ரிங்கும் கைக்கு எட்டும், டேங்கை இறக்கவே வேண்டாம். இதைப் பார்க்காமல் புது டேங்க் வாங்கி வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் உண்டு.

சரி, டேங்க்தான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது ஒரு விஷயத்தை நன்றாக மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: எரிவது பெட்ரோல் இல்லை, பெட்ரோலின் ஆவி. மைனஸ் 40 டிகிரி குளிரிலும் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு தரையாகத் தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அதற்கு மேல் போனால் எரியக் காற்று போதாது. அதனால்தான் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் பயங்கரமானது. பெட்ரோல் நிரம்பியிருக்கும்போது உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, ஆவி மிக அடர்த்தி. பெட்ரோலை இறக்கிவிட்டுத் திறந்து வைத்தால் காற்று உள்ளே போய், சரியாக அந்த வெடிக்கும் கலவை உருவாகிவிடுகிறது. "டேங்க் காலிதான், பயமில்லை" என்று யாராவது சொன்னால் அவரை அந்த வேலைக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஆகவே இடம்தான் முதல் முடிவு. திறந்தவெளி, சமமான கெட்டித் தரை. மூடிய கராஜ் வேண்டாம், சர்வீஸ் பள்ளம் வேண்டவே வேண்டாம். வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் ஒரு மூலையில் கேஸ் வாட்டர் ஹீட்டரோ பழைய ஃபிரிட்ஜோ இருந்தால், கார் அங்கிருந்து பத்தடி தள்ளி நின்றாலும் ஆவி தேடிப்போகும். வெளிச்சத்துக்குக் கண்ணாடி பல்ப் உள்ள கை விளக்கைக் காருக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள். சூடான பல்பின்மேல் ஒரு சொட்டு பெட்ரோல் விழுந்தால் கண்ணாடி உடையும், உள்ளே எரியும் கம்பி வெளியே வரும். செல்போனை நினைத்துப் பயப்படுகிற பலர் இந்த பல்பை நினைத்துப் பயப்படுவதில்லை! நன்றாக மூடிய எல்இடி விளக்கு போதும். கரன்ட்டில் ஓடும் டிரில், இம்பேக்ட் கன், வேக்குவம் கிளீனர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. அவற்றின் மோட்டாருக்குள் பொறி பறப்பது சகஜம்.

தீயணைப்பான் பவுடர் அல்லது நுரை வகையாக இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து தீயைப் பரப்பும். நீங்கள் காருக்கு அடியில் இருக்கும்போது உங்களால் தீயணைப்பானை எடுக்க முடியாது, அதை இயக்கத் தெரிந்த இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். தனியாளாகச் செய்ய மாட்டேன் என்றது இதனால்தான்.

வேலைக்கு முந்தைய நாட்களிலேயே பாதி வேலை தொடங்கிவிடுகிறது. கசிவு லேசாக இருந்து, கார் பாதுகாப்பாக ஓடும் நிலையில் இருந்தால், பெட்ரோல் போடாமல் ஓட்டி ரிசர்வ் வரை கொண்டுவாருங்கள். ஒழுக்கு அதிகம் என்றால் ஓட்டவே வேண்டாம், நின்ற இடத்திலேயே பெட்ரோலை எடுத்துவிடலாம். 40 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 30 கிலோ கனம், அதுவும் குலுங்குகிற கனம். ஜாக்கின்மேல் அது ஒரு பக்கம் சாய்ந்தால் பிடித்து நிறுத்த முடியாது. முந்தைய நாளே அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பட்டை போல்ட்களில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள்.

அடுத்தது லைனில் உள்ள அழுத்தம். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் பம்பிலிருந்து போகும் லைனில் சாதாரணமாக 3 முதல் 4 பார் அழுத்தம் நிற்கும். பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டால், மிச்சம் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானே நின்றுவிடும். இன்னொரு தடவை சில வினாடி கிராங்க் செய்யுங்கள். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, திரும்பித் தொடாதபடி ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். இந்த வரிசை முக்கியம்: ஆவி வெளிவரத் தொடங்கிய பிறகு பேட்டரி முனையைக் கழற்றினால் அங்கேயே பொறி வரும். இன்ஜின் பக்கமுள்ள உயர் அழுத்தக் குழாய்களை, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் ஆனாலும் டீசல் காமன் ரெயில் ஆனாலும், தொடவே வேண்டாம். டேங்க் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மிச்ச பெட்ரோலை எடுக்கக் கைப்பம்பு, எரிபொருளுக்கென்றே உள்ள கேன். வாயால் உறிஞ்சுவது என்ற பேச்சே வேண்டாம். வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குள் கொஞ்சம் போனாலே நிலைமை மோசம். கேனைத் தரையில் வைத்தே நிரப்புங்கள். இரும்பு கேன் என்றால் அதற்கும் காரின் பாடிக்கும் ஒரு ஒயரைக் கிளிப் போட்டு இணைத்துவிடுங்கள், பெட்ரோல் பாயும்போது சேரும் நிலைமின்சாரம் பொறியாகாமல் இருக்கும். பிளாஸ்டிக் பக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் கூடாது. பெட்ரோல் போடும் வாய்க்குள் ட்யூப் இறங்கவில்லை என்றால் உள்ளே தடுப்பு வால்வு இருக்கிறது, குத்தி உடைக்காதீர்கள். பின்சீட்டுக்கு அடியில் உள்ள பம்பு வாய் வழியாகவோ, டேங்க் பக்கத்து ரப்பர் குழாயைக் கழற்றியோ எடுக்கலாம். பின்சக்கரங்களுக்கும் ஓட்டம் போகும் கார்களில் டேங்க் நடுவில் மேடாகி இரண்டு பள்ளமாக இருப்பது வழக்கம். ஒரு பக்கம் வற்றியதும் முடிந்தது என்று நினைத்தால், மறுபக்கத்தில் பத்து லிட்டர் உட்கார்ந்திருக்கும்.

இனி கழற்றுவது. சைலன்சர் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காரைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தி, கையால் அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போங்கள். வண்டியைப் பொறுத்து சைலன்சரின் பின்பாதி, வெப்பத் தகடு, ஹேண்ட்பிரேக் கேபிள் ஆகியவற்றை ஒதுக்க வேண்டி வரும். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் மாட்டும்போது சண்டை இல்லை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மேலே பார்த்துக்கொண்டு செய்யும் வேலை, ஹோஸைப் பிடுங்கும்போது உள்ளே நிற்கும் பெட்ரோல் முகத்துக்குத்தான் வரும். கையுறை நைட்ரைல் வகை. மெல்லிய லேடெக்ஸ் பெட்ரோலில் ஊறிக் கிழிந்துவிடும்.

டேங்குக்குக் கீழே ஜாக்கை வைத்து, இடையில் ஒரு அகலமான பிளைவுட் பலகை கொடுங்கள். பட்டைகளைக் கழற்றி ஒரு சாண் மட்டும் இறக்கி நிறுத்துங்கள். முழுசாக இறக்கிவிடக் கூடாது, ஏனென்றால் பம்பின் ஒயர் சாக்கெட், பெட்ரோல் லைன், ஆவி போகும் லைன் எல்லாம் மேலே மாட்டியபடியே இருக்கும். அந்த இடைவெளியில் கையை விட்டுக் கழற்ற வேண்டும். பிளாஸ்டிக் கனெக்டர்களை நேரே இழுக்காதீர்கள். முதலில் மண்ணைத் துடைத்து, கொஞ்சம் உள்ளே தள்ளி, காதுகளை அழுத்திக்கொண்டு பிறகு இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். கழற்றிய வாய்களை உடனே அடைத்துவிடுங்கள்.

துருப்பிடித்த போல்ட் அசையவில்லையா? கேஸ் டார்ச், கிரைண்டர் இரண்டும் இந்த வேலையில் கிடையாது. நீளமான கைப்பிடியால் மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், இல்லையென்றால் நட்டைப் பிளக்கும் கருவி. அதற்கும் மசியாவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். பொறுமை இழந்து கிரைண்டரைத் தேடுகிற அந்த நிமிடம்தான் விபத்து நடக்கிற நிமிடம்.

பம்பைப் பழைய டேங்கிலிருந்து எடுக்கும்முன் சுற்றியுள்ள மண்ணைச் சுத்தமாக நீக்குங்கள், உள்ளே விழுந்தால் புது டேங்குக்கும் அது போய்ச்சேரும். பம்பு எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பூட்டு வளையத்துக்கென்று உள்ள கருவி இல்லையென்றால் பித்தளை உளியால் தட்டலாம், இரும்பால் கூடாது. மிதவைக் கம்பி வளைந்துவிட்டால் டேஷ்போர்டு முள் பொய் சொல்ல ஆரம்பிக்கும். பழைய ஓ-ரிங் பெட்ரோலில் ஊறிப் பெருத்திருக்கும், திரும்ப உட்காராது. புதுசு போடுங்கள்.

பழைய டேங்கை வெல்டிங் வைத்துப் பிழைக்கவைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். எத்தனை தடவை கழுவினாலும் மடிப்புகளுக்குள் பெட்ரோல் ஒளிந்திருக்கும், சூடு பட்டதும் ஆவியாக வெளியே வரும். உயிரைக் குடித்த வேலை அது. டீசல் டேங்குக்கும் இதே பதில்தான். பிளாஸ்டிக் டேங்கில் பசை நிலையாக ஒட்டாது. எபாக்சி பூச்சும் என் கணக்கில் ரிப்பேர் இல்லை.

மாட்டுவதற்குமுன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து எல்லா வாய்களையும் ஒப்பிடுங்கள். அனுப்பும்போது போட்ட மூடிகள் உள்ளே இருந்துவிடக் கூடாது. துருப்பிடித்த பட்டைகளைத் திரும்பப் போடாதீர்கள், பட்டைக்கும் டேங்குக்கும் நடுவிலுள்ள ரப்பரையும் விட்டுவிடாதீர்கள். ஹோஸ் மாற்றினால் இன்ஜெக்‌ஷன் அழுத்தம் தாங்கும், 30ஆர்9 என்ற தர எண் உள்ள வகை. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் துண்டு மட்டும் 30ஆர்10 வகையாக இருக்க வேண்டும். வெளியே போடும் ஹோஸை உள்ளே மூழ்கவைத்தால் கொஞ்ச நாளில் பொதபொதவென்று ஆகிவிடும். மேலே உள்ள இணைப்புகளை ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கிளிக் சத்தம் கேட்ட பிறகும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். எர்த் ஒயர் இருந்தால் மறக்காமல் மாட்டுங்கள். பட்டை போல்ட்டை சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கினால் போதும், அதற்குமேல் போனால் பிளாஸ்டிக் டேங்க் நசுங்கும்.

முதலில் பத்து லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். வாடை முழுக்கக் கலைந்த பிறகு பேட்டரியை மாட்டி, ஃபியூஸைத் திரும்பச் செருகி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று தடவை ஆன், ஆஃப் செய்யுங்கள். பம்பு லைனை நிரப்பும். அடியில் போய் ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். எல்லாம் சரி என்றால் பிறகொரு நாள் ஃபுல் டேங்க் போட்டுத் திரும்பப் பாருங்கள், மேல்பக்கக் கசிவு அப்போதுதான் தெரியும். அதுவரை வண்டி வெளியில் நிற்கட்டும். சில நாள் கழித்து செக் இன்ஜின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0455 என்று கோளாறு எண் வந்தால் ஆவி லைனில் எங்கோ சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள், பல நேரம் அதுதான்.

கேஸில் ஓடும் கார், ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள் ஓடும் ஹைபிரிட் ஆகியவற்றுக்கு நான் சொன்னது எதுவும் போதாது, அவற்றை அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பெட்ரோல் துடைத்த துணிகளை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குள் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். பழைய டேங்கை இரும்புக்கடைக்குக் கொடுக்கும்போது உள்ளே பெட்ரோல் இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். வாங்குகிறவர் அதை வெட்டத்தான் போகிறார்.