டீச்சரிடம் கேளுங்கள்: கோடிங் கட்டாயப் பாடமா?

கேள்வி: என் மகன் புதுச்சேரி அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஆன்லைன் கோடிங் வகுப்பில் சேரச் சொல்லி அடிக்கடி போன் வருகிறது. பணம் கட்ட வசதியில்லை. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் இந்த ப்ரோக்ராமிங்கைப் பள்ளியிலேயே எல்லாருக்கும் கட்டாயப் பாடமாக்கினால் என்ன டீச்சர்? ஏ.ஐ.யே எழுதித் தரும் காலத்தில் அது எதற்கு என்கிறார் என் கணவர்.
- ஒரு வாசகி, முதலியார்பேட்டை

பதில்: கட்டாயமாக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி அம்மா. ஆனால் மதிப்பெண் போடக் கூடாது.

கடலூரில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று இரண்டு கம்ப்யூட்டர் மொழிகள். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தேர்வுக்கு எந்தெந்த ப்ரோக்ராம் வரும் என்று தெரிந்துவிட்டால் போதும், பிள்ளைகள் அரைப்புள்ளி உட்பட நெட்டுருப் போட்டுவிடுவார்கள். கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் விழிப்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். மதிப்பெண் அவர்களை அப்படிப் பழக்கியிருக்கிறது.

ஒருநாள் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "உங்க வீட்டுக் கணக்கு ஒண்ணை ப்ரோக்ராமா எழுதிட்டு வாங்க" என்றேன். தேவனாம்பட்டினத்து மாணவி ஒருத்தி, அப்பா படகுத் தொழிலாளி, மீன் விற்ற பணத்தைப் பங்கு பிரிக்கும் கணக்கை எழுதி வந்தாள். ஏலத் தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக, மீதியில் படகுக்குப் பாதி, ஆட்களுக்குப் பாதி. ஓட்டிப் பார்த்தோம், சரியாக வந்தது. பிறகு ஏலத் தொகை 4000, செலவு 6000, ஆட்கள் ஐந்து பேர் என்று கொடுத்தோம். தலைக்கு மைனஸ் 200 என்று வந்து நின்றது. கடலுக்குப் போய் வந்தவர் கைக்காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டுமா? வகுப்பே பேச ஆரம்பித்துவிட்டது. மீன் படாத நாளின் நஷ்டம் யார் தலையில்? அவள் அப்பாவிடம் கேட்டு வந்தாள். அவர்கள் படகில் முதலாளி அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த நடையில் கழித்துக்கொள்வாராம். மறுநாள், நஷ்டம் வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ஒரு 'இஃப்' கட்டளை சேர்த்தாள். பழைய நஷ்டத்தைச் சுமந்துபோக ஒரு மாறியும் (எண்ணைப் போட்டு வைக்கும் பெயரிட்ட பெட்டி) வைத்தாள். அந்த வாரம் பாடப்புத்தகம் சொல்லித் தராததை அவள் கற்றுக்கொண்டாள்.

உங்கள் கணவருக்கும் இதில்தான் பதில். ஏ.ஐ. அந்தக் கணக்கை நொடியில் எழுதித் தந்துவிடும். எங்கள் படகில் நஷ்டத்தை யார் தாங்குவார் என்று அதற்குச் சொல்வதற்கும், வந்த விடையை நம்பலாமா என்று பார்ப்பதற்கும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். அந்த விவரம் கம்ப்யூட்டர் குரூப் கிடைத்த பிள்ளைக்கு மட்டும் போதுமா? கணக்கும் அறிவியலும் எல்லாருக்கும் பொது என்றால் இதுவும் பொதுதான்.

ஜப்பான் 2020-இல் தொடக்கப் பள்ளிகளில் ப்ரோக்ராமிங்கைக் கட்டாயமாக்கியது. தனிப் பாடமாக வைக்கவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கில் ஒழுங்குப் பலகோணம் வரையும்போது அதையும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். எனக்குப் பிடித்த வழி இது. இங்கிலாந்து 2014-இல் ஐந்து வயதிலிருந்தே கட்டாயமாக்கிவிட்டு, சொல்லித் தர ஆசிரியர் போதாமல் திண்டாடியது. நம் ஊரில் சட்டம் போடுமுன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். பிள்ளைகள் ப்ரோக்ராம் எழுதிப் பழகும் ஸ்க்ராட்ச் என்ற மென்பொருள் இலவசம். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அந்த வாரியத்தில் ஆறிலிருந்து எட்டுவரை கோடிங் விருப்பப் பகுதியாக இருக்கிறது. உங்கள் பள்ளியில் நடத்துகிறார்களா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. நான் ப்ரோக்ராமிங் கற்க முடியுமா டீச்சர்?
- ஒன்பதாம் வகுப்பு மாணவன், நெல்லிக்குப்பம்

பதில்: முடியும் தம்பி. நோட்டில் ப்ரோக்ராமை எழுதி, பக்கத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரி முடிந்ததும் ஒவ்வொரு மாறியிலும் என்ன எண் இருக்கிறது என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வா. விடையை நீயே கண்டுபிடித்த பிறகு பள்ளி ஆய்வகத்தில் ஓட்டிப் பார். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்தக் கட்டத்தோடு டீச்சரிடம் போ, எந்த வரியில் பிசகியது என்று காட்டுவார்.