80களில் வீட்டுக் கணினி வந்த புதிதில் பதின்ம வயதுப் பையன்கள் பொழுதை எப்படிப் போக்கினார்கள்?

இணையம் இல்லை, பென் டிரைவ் இல்லை, அந்தக் கணினியை வைத்துக்கொண்டு என்னதான் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காத்திருந்தோம். மிச்ச நேரத்தில் யாரிடமாவது எதையாவது இரவல் கேட்டுக்கொண்டிருந்தோம். விளையாட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் சொல்வது மேற்கு மாம்பலத்தில், 1986ஐ ஒட்டிய கதை. அப்போது கணினி என்பது பெரிய அலுவலகங்களில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சமாசாரம். எங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே வாசல், மத்திய அரசு 1984-85இல் 250 பள்ளிகளோடு தொடங்கிய 'கிளாஸ்' திட்டம். அதில் வந்தவை பிரிட்டனின் 'பிபிசி மைக்ரோ' கணினிகள். 32 கேபி நினைவகம், விசைப்பலகையின் மேல் வரிசையில் சிவப்பு விசைகள், சுவிட்ச் போட்டதும் ஒரு பீப். என் பள்ளியில் அதற்கென்று ஏசி அறை உண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு மெஷினைச் சுற்றி ஐந்தாறு தலைகள். கை விசையில் படுவதற்குள் மணி அடித்துவிடும்.

வீட்டில் கணினி என்பது எங்கள் தெருவுக்கே புதிது. லண்டனில் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா, லீவில் வரும்போது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஒன்றைக் கொண்டுவந்தார். 1982 ஏப்ரலில் வெளிவந்த மாடல், 48 கேபி. புதிதாக வந்தபோது அங்கே 175 பவுண்டு. கறுப்பு டப்பா, சாம்பல் நிற ரப்பர் விசைகள், ஓரத்தில் வானவில் பட்டை. ஆன்-ஆஃப் சுவிட்ச்கூடக் கிடையாது, வயரைப் பிடுங்கினால்தான் அணையும். பிளக் மூன்று சதுர முனை. நம் ஊர் சாக்கெட்டில் நுழையாது. அப்பா பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு வயரையும் சாக்கெட்டுக்குள் விட்டுத் தீக்குச்சியால் அடைத்தார். (யாரும் செய்து பார்க்காதீர்கள்.)

கரண்ட் வந்துவிட்டது, படம் வரவில்லை. ஸ்பெக்ட்ரம் தன் படத்தை யுஎச்எஃப் என்ற உயர் அலைவரிசைத் தொகுப்பின் 36ஆம் சேனலில்தான் அனுப்பும். எங்கள் வீட்டு கறுப்பு வெள்ளை டிவிக்கு அதற்குக் கீழே இருக்கும் விஎச்எஃப் தொகுப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. தெருவிலேயே யுஎச்எஃப் வசதி உள்ள டிவி மாடி போர்ஷன் மாமி வீட்டில்தான் இருந்தது, அதுவும் கலர். டேப் ரெக்கார்டர் எதிர் வீட்டு நண்பனுடையது. ஆக, கணினி எங்கள் வீடு, டிவி மாடி வீடு, டேப் எதிர் வீடு. மூன்று வீட்டுப் பெரியவர்களும் ஒரே நேரத்தில் நல்ல மூடில் இருந்தால்தான் ஒரு கேம் ஆட முடியும். மாமிக்கு ரேஷன் கடைக்குப் போய் வருவது, கேஸ் புக் பண்ணுவது எல்லாம் அந்த வருஷம் எங்கள் பொறுப்பில் இருந்தன.

நல்லவேளை, அப்போது வார நாட்களில் பகலில் தூர்தர்ஷனில் பெரிதாக ஒன்றும் கிடையாது. சாயங்காலம்தான் களைகட்டும். லீவு நாட்களில் பகலில் பெரும்பாலும் டிவி சும்மா கிடந்தது, எங்களுக்கு யோகம். வெள்ளிக்கிழமை மட்டும் வம்பு. ஒலியும் ஒளியும் போடும் நேரத்துக்குள் ஆட்டத்தை மூட்டை கட்டியாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் பாய் விரித்து உட்கார்ந்துவிட்ட பிறகும், "மாமி, இன்னும் ஒரே ஒரு உயிர்தான் பாக்கி" என்று கெஞ்சிய ஞாபகம் இருக்கிறது.

கேம்கள் எல்லாம் சாதாரண ஆடியோ கேசட்டில் வரும். ஜே விசையை அழுத்தினால் திரையில் லோட் என்று முழு வார்த்தையும் விழும், இரண்டு மேற்கோள் குறி போட்டு என்டர் தட்டி, டேப்பை ஓடவிட வேண்டும். முதலில் திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர் நீலமுமாகக் கோடுகள் மெதுவாக நகரும், கூடவே ஒரே சுருதியில் 'ங்ஙீ...' என்று ஒரு நீளச் சத்தம். அப்புறம் நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள் படபடக்கும், சத்தம் கொரகொரவென்று மாறும். 48 கேபியும் ஏற ஐந்து நிமிடம்போல ஆகும். அதற்குள் கீழே போய் ஒரு ஓவர் போட்டுவிட்டு வரலாம், போட்டும் இருக்கிறோம். மேலே காவலுக்கு நிற்பவன் ஜன்னல் வழியாக "ஏறிடுச்சு" என்று கத்தினால் ஸ்டம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவோம். பாதி நாள் அவன் கத்துவது "எர்ரர்டா" என்றுதான் இருக்கும். வால்யூம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஏறாது. சரியான இடத்தில் பால் பாயின்ட் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தோம். அதற்கும் மசியவில்லை என்றால் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் டேப்பின் ஹெட் பக்கத்தில் இருக்கும் திருகை ஒரு மயிரிழை திருப்புவோம். கேம் ஏறும். ஆனால் அன்று ராத்திரி நண்பனின் அப்பா சுப்ரபாத கேசட்டைப் போட்டுப் பார்த்தால் ஜலதோஷம் பிடித்த குரலில் பாடும்.

என் அக்காவுக்கும் இந்த மெஷினுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அவள் டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்துவிட்டு ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தவள், தெருவிலேயே வேகமான விரல்கள் அவளுடையவை. வந்து உட்கார்ந்து பி, ஆர், ஐ என்று பிரின்ட் கட்டளையை எழுத்து எழுத்தாக அடிக்க ஆரம்பித்தாள். ஆனால் ஸ்பெக்ட்ரத்தில் வரியின் தொடக்கத்தில் பி விசையைத் தொட்டாலே பிரின்ட் முழுசாக வந்து விழுந்துவிடும், மீதி எழுத்துகள் அதன் பின்னால் குப்பையாகச் சேரும். "இதெல்லாம் ஒரு மெஷினா?" என்று எழுந்து போய்விட்டாள். அவளை முறையாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்தான், ஆனால் எங்கள் கூட்டத்தில் யாருக்கும் தன் முறையை விட்டுத்தர மனசில்லை. பெண் பிள்ளைகள் அந்த மாடிக்கு அதிகம் வராததற்கு அதுதான் காரணம், கணினி பிடிக்காததல்ல.

புது கேம் வேண்டுமென்றால் இரண்டு வழி. மவுண்ட் ரோடு நடைபாதைக் கடைகளில் எப்போதாவது இங்கிலாந்துக் கணினிப் பத்திரிகைகள் பழசாகக் கிடைக்கும். அவற்றில் பக்கம் பக்கமாக புரோகிராம் அச்சிட்டிருப்பார்கள். ஒருவன் வாசிக்க, ஒருவன் தட்ட, இன்னொருவன் சரிபார்ப்பான். ஒரு கமா தப்பினால் போச்சு, வரியை ஏற்காமல் மெஷின் கேள்விக்குறியை மின்னவிடும். பாதியில் கரண்ட் போனால் அத்தனையும் காலி. அதனால் நாலைந்து அங்குலம் தட்டியதுமே கேசட்டில் சேமிக்கப் பழகினோம். எனக்கு புரோகிராம் எழுத வந்தது என்றால் அந்த அச்சுப் பக்கங்களால்தான், பள்ளியின் ஏசி அறையால் அல்ல.

இன்னொரு வழி காப்பி. தெருமுனையில் சினிமாப் பாட்டு பதிவு செய்து தரும் கடை இருந்தது. லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட கேசட்டில் பாட்டுகளை ஏற்றித் தருவார்கள். கேம் கேசட்டை அங்கே கொடுத்தோம். கடைக்கார அண்ணன் போட்டுக் கேட்டுவிட்டு, "தம்பி, இது கெட்டுப்போன கேசட்டு, காசை வேஸ்ட் பண்ணாதே" என்று திருப்பித் தந்தார். சத்தம் அப்படித்தான் இருக்கும், பாஸ்-டிரெபிள் எதையும் தொடாமல் அப்படியே ஏற்றுங்கள் என்று புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. திருட்டு காப்பிதான், ஒத்துக்கொள்கிறேன். காசு கொடுத்து வாங்க நினைத்தாலும் எங்களுக்குத் தெரிந்து ஊரில் கடை இல்லை.

நாங்கள் அதிகம் ஆடியது மேனிக் மைனர். 20 குகைகள், ஒவ்வொன்றிலும் குதித்துக் குதித்துச் சாவி பொறுக்க வேண்டும். 1983இல் அதை எழுதிய மேத்யூ ஸ்மித் அப்போது பதின்ம வயதுப் பையன்தான். அது தெரிந்த நாளிலிருந்து எங்களில் இரண்டு பேருக்குத் தூக்கம் போனது. நியாயமாக ஆடி எவனும் கடைசிக் குகையைப் பார்க்கவில்லை. பத்திரிகை ஒன்றில் 'போக் 35136,0' என்ற வரி கிடைத்தது, நினைவகத்தில் ஓர் இடத்தில் இருக்கும் எண்ணை மாற்றிவிடும் கட்டளை அது. கேமை ஏற்றும் சின்ன புரோகிராமுக்கு நடுவே அதைச் சொருகிவிட்டால் உயிர் தீரவே தீராது. இரண்டே நாளில் எல்லாக் குகையையும் பார்த்தாயிற்று, அதோடு ருசியும் போய்விட்டது. அதன் பிறகு போக் போடக் கூடாது என்று மாடியில் சட்டமே போட்டோம்.

பிளஸ் டூ வந்ததும் அம்மா ஸ்பெக்ட்ரத்தைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பரீட்சை, என்ட்ரன்ஸ் எல்லாம் முடிந்து வெளியே எடுத்தபோது மாமி குடும்பம் வேலை மாற்றலில் பெங்களூர் போயிருந்தது, டிவியையும் எடுத்துக்கொண்டு. மாடிக்குப் புதிதாக வந்தவர்கள் வீட்டிலும் கலர் டிவி இருந்தது. எதிர் வீட்டு நண்பனும் நானும் போய் விசாரித்தோம். அந்த மாமாவின் முதல் கேள்வி, "பிக்சர் டியூப் போயிடாதே?"