வேலைப் பயிற்சி வகுப்பும் வேதியியலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருப்பத்தூர் மாவட்டத்தில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். இந்தப் பருவத்தில் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் வேலைவாய்ப்புத் திறன் பயிற்சி எங்களுக்கு நடக்கிறது. ரெஸ்யூம் எழுதுதல், குழு விவாதம், நேர்காணல் ஆகியவற்றைச் சொல்லித்தருகிறார்கள். எனக்கோ எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சிக்குப் போக ஆசை. "அந்த நேரத்தில் நாலு கணக்குப் போடலாம்" என்கிறார் எங்கள் பேராசிரியர் ஒருவர். சான்றிதழ் வந்தால் போதும், பேருக்கு உட்கார்ந்துவிட்டு வா என்கிறார்கள் தோழிகள். டிகிரி முடித்த கையோடு வேலை கிடைக்க இதுதான் வழி என்று அப்பா நம்புகிறார். இந்த வகுப்பில் மனதைச் செலுத்தினால் நான் அறிவியலை விட்டு விலகுகிறேன் என்று ஆகிவிடுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

ஆகாது. அந்த வகுப்பை மனம் வைத்தே படியுங்கள். ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறவர் என்பதால் மற்றவர்களைவிட உங்களுக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றே நினைக்கிறேன்.

முதல் பட்டதாரியாக வரும் மாணவர்களிடம் நான் கண்ட பெரிய குறை அறிவிலோ உழைப்பிலோ இல்லை. எந்தக் கதவு எந்த மாதத்தில் திறந்து எந்த மாதத்தில் மூடும் என்று அவர்களுக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் அது. படித்தவர்கள் நிறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான 'ஜாம்' தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி. படிப்புக்கும் அந்த மதிப்பெண் பயன்படும். தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. அதற்கான விண்ணப்பமோ அண்மை ஆண்டுகளில் முந்தைய செப்டம்பரிலேயே தொடங்கி, அக்டோபரில் முடிந்துவிடுகிறது. ஆறாம் பருவத் தேர்வை எழுதி முடித்துவிட்டு, இனி எங்கே விண்ணப்பிக்கலாம் என்று மே மாதத்தில் விசாரிக்கத் தொடங்கும் மாணவிக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மாதங்களுக்கு முன்பே கைநழுவியிருக்கும். நல்ல மதிப்பெண் வாங்கிய எத்தனையோ பேர் இப்படி ஓராண்டை இழந்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி வகுப்பறைக்குள் வந்ததை நான் வரவேற்பது இந்தக் காரணத்தால்தான். உங்கள் பயிற்றுநர் வேதியியல் படித்தவராக இல்லாமல் இருக்கலாம். 'ஜாம்' பற்றி அவராகப் பேசாமலும் இருக்கலாம். ஆனால் இது போன்ற வகுப்புகளில் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதச் சொல்லிப் பெரும்பாலும் ஒரு தாளைக் கொடுப்பார்கள். பலரும் 'நல்ல நிலைக்கு வர வேண்டும்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் அதில் தேர்வுகளின் பெயரையும் விண்ணப்ப மாதங்களையும் எழுதுங்கள். தெரியாத இடங்களைக் காலியாக விட்டு, பயிற்றுநரிடமும் துறை ஆசிரியர்களிடமும் கேட்டு நிரப்புங்கள்.

ஆராய்ச்சி என்றால் ஆய்வகம் மட்டும் என்று எண்ண வேண்டாம். பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களில் இயங்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து மாணவர்களுக்குக் கோடைக்கால ஆராய்ச்சி நல்கை வழங்குகின்றன. தேர்வானால் நாட்டின் தேர்ந்த விஞ்ஞானி ஒருவரின் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை செய்யலாம். அதற்கு விண்ணப்பிக்கும்போது, எதில் ஆர்வம், என்ன செய்ய விரும்புகிறேன் என்று சுருக்கமாக எழுதித் தர வேண்டும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். தன்னைப் பற்றித் தெளிவாக எழுதத் தெரியாத மாணவி, எவ்வளவு வேதியியல் தெரிந்தவராக இருந்தாலும், அந்த இடத்தில் நின்றுவிடுவார். வேலைக்குப் போகிறவருக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கும் தேவைப்படும் திறமை இங்கே ஒன்றுதான்.

இந்த வகுப்புகளில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லாத் துறை மாணவர்களுக்கும் ஒரே மாதிரி ரெஸ்யூம் கொடுக்கிறார்கள். 'கடின உழைப்பாளி', 'குழுவாகச் செயல்படுவேன்', 'எதையும் விரைவாகக் கற்றுக்கொள்வேன்' என்னும் வாக்கியங்கள் வரலாறு படித்தவர் தாளிலும் இருக்கின்றன, விலங்கியல் படித்தவர் தாளிலும் இருக்கின்றன. நேர்காணல் செய்பவர் அவற்றைப் படிப்பதே இல்லை. அந்த மாதிரியின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை உங்கள் ரெக்கார்டு நோட்டிலிருந்து எடுங்கள்.

எடுத்துக்காட்டாக, பெர்மாங்கனேட் தரம்பார்த்தலை, அதாவது செறிவு தெரிந்த கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இன்னொரு பொருளின் அளவைக் கண்டறியும் சோதனையை, நீங்கள் செய்திருப்பீர்கள். 'பருமனறி பகுப்பாய்வு தெரியும்' என்று எழுதினால் அது ஒரு பாடத்தின் பெயர், அவ்வளவுதான். 'நிறுத்து எடுத்த ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு பெர்மாங்கனேட் கரைசலின் செறிவை நிர்ணயித்து, பிறகு அதைக் கொண்டு ஒரு மாதிரியில் உள்ள இரும்பின் அளவைக் கண்டறிந்தேன்' என்று எழுதினால், மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்திலிருந்து வந்திருப்பவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்: பெர்மாங்கனேட்டையே நேரடியாக நிறுத்துச் செறிவை வைத்துக்கொள்ளலாமே, ஏன் கூடாது? அது முழுத் தூய்மையாகக் கிடைப்பதில்லை, கரைசலும் மெல்லச் சிதைந்து மாங்கனீசு டைஆக்சைடாக மாறுகிறது என்று சொல்லுங்கள். ஆக்சாலிக் அமிலத்தை ஏன் சூடாக்கினீர்கள்? அறை வெப்பத்தில் வினை மிக மெதுவாக நடக்கும், ஆகவே 60 முதல் 70 டிகிரி வரை. சல்ஃபியூரிக் அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் என்ன? பெர்மாங்கனேட்டில் ஒரு பகுதி குளோரைடைக் குளோரினாக மாற்றுவதில் செலவாகும், கரைசலை ஊற்றும் அளவுக்குழாயான பியூரெட்டில் அளவு கூடுதலாகக் காட்டும். பியூரெட்டில் அடர்ந்த நிறக் கரைசல் இருக்கும்போது மேல் விளிம்பைத்தான் பார்த்து அளவு குறித்தேன் என்று நீங்களாக ஒரு வார்த்தை சேர்த்தால், இந்தப் பெண் தன் கையால் செய்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இதே கேள்விகளை எம்.எஸ்சி. சேர்க்கைக்கான நேர்காணலிலும் கேட்கலாம்.

நீங்கள் ஆம்பூர்ப் பக்கம் இருப்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களில் 'சி.ஓ.டி.' (வேதி ஆக்சிஜன் தேவை) என்னும் சோதனை நடக்கிறது; நீரில் உள்ள கழிவுப்பொருள் எவ்வளவு என்று அது காட்டும். நீரின் மாதிரியை டைகுரோமேட்டும் அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, செலவாகாமல் எஞ்சிய டைகுரோமேட்டை ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டால் தரம்பார்க்கிறார்கள். ஃபெராயின் நிறங்காட்டி நீலப்பச்சையிலிருந்து செம்பழுப்பாக மாறும் இடமே முடிவுநிலை. உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நடப்பதும் பாலாற்றங்கரையின் நீரை அளந்து சொல்வதும் ஒரே வேதியியல்தான். குழு விவாதத்துக்குத் தலைப்பு ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்லுங்கள். உங்கள் அப்பாவின் தொழிலையும் உங்கள் படிப்பையும் சேர்த்துப் பேசக்கூடிய இடம் இது. அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இந்தத் துறைக்காகவே இயங்கிவருகிறது என்பதை அவரிடமும் சொல்லுங்கள். வேலையும் ஆராய்ச்சியும் அவர் நினைப்பதுபோல் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று அவருக்குப் புரியும்.

உங்கள் பேராசிரியர் சொல்வதில் நியாயம் உண்டு. பயிற்சி வகுப்பு ஆய்வக நேரத்தில் வந்து விழுந்தால் அது இழப்புதான். தவறவிட்ட பிராக்டிக்கலை வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாது. அப்படி நடந்தால் வகுப்பு மாணவர்கள் சேர்ந்து துறைத் தலைவரிடம் பணிவாக எடுத்துச் சொல்லி, நேரத்தை மாற்றித் தரும்படி கேளுங்கள். பயிற்சி வகுப்புக்கு அதற்குரிய நேரத்தை மட்டும் கொடுங்கள். மாலைப் பொழுது வெப்ப இயக்கவியலுக்கும் கரிம வினைவழிமுறைகளுக்கும் உரியது. 'ஜாம்' வினாத்தாளில் பெயருக்குப் படித்த எதுவும் செல்லாது.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இந்த வகுப்புகளில் வாய் திறக்காமல் இருப்பதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம் என்பதால் சொல்கிறேன். மேலே எழுதிய கேள்விகளுக்கான பதிலை முதலில் தமிழில் தடங்கலின்றிச் சொல்லிப் பாருங்கள். தமிழிலேயே தடுமாறினால் அங்கே குறைவது வேதியியல். பாடத்தைத் திரும்பப் படியுங்கள். தமிழில் சரளமாக வந்துவிட்டால், அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லப் பழகுவதற்குத்தான் அந்த வகுப்பு இருக்கிறது. அங்கே பிழையாகப் பேசினால் மதிப்பெண்ணும் குறையாது, வேலையும் போகாது. தோழிகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவையுங்கள்.

கோடைக்கால நல்கைக்கான விண்ணப்பங்களை முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே பெறுகிறார்கள். அகாடமிகளின் இணையதளத்தில் இந்த ஆண்டுக்கான தேதியைப் பார்த்துக்கொண்டு, உங்களைக் கணக்குப் போடச் சொன்ன அதே பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி எழுதும் பகுதியை முதலில் பயிற்சி வகுப்பில் வாசித்துக் காட்டித் திருத்திக்கொண்டு, பிறகு எனக்கும் அனுப்பலாம். படித்துவிட்டு என் கருத்தை எழுதுகிறேன்.

அன்புடன்.