வாசகர் கேள்வி – பதில்: வீட்டிலேயே சுருட்டுச் சுற்றப் பழகலாமா?

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். மாதத்துக்கு ஒன்றிரண்டு சுருட்டுப் பிடிக்கும் வழக்கம் உண்டு. என் தாத்தா உறையூரில் சுருட்டுச் சுற்றியவர். அந்தக் கைவேலையை நானும் பொழுதுபோக்காகப் பழக விரும்புகிறேன். கியூபாச் சுருட்டைப் போல வீட்டில் சுற்ற முடியுமா? எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: முடியும்; ஆனால் கியூபாவிலிருந்து தொடங்காமல் உங்கள் தாத்தாவிடமிருந்து தொடங்குங்கள். கியூபாச் சுருட்டின் வாய்ப்பக்கத்தை மேலிலையின் சிறு துண்டால் தொப்பி போல் மூட வேண்டும். புதிதாகப் பழகுபவரின் பொறுமை பெரும்பாலும் அந்தத் தொப்பியில்தான் தீர்ந்துபோகிறது. திண்டுக்கல் வட்டாரத்து இலையைக் கொண்டு திருச்சியில் சுற்றப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரை போன சுருட்டோ இரு முனையும் வெட்டி விடப்பட்டது. மூடுகிற வேலையே அதில் இல்லை. ஆங்கிலேயர் அதற்கு வைத்துக்கொண்ட ‘செரூட்’ என்ற பெயரும் நம் ‘சுருட்டு’தான்.

பொதுவாகச் சுருட்டில் மூன்று பகுதிகள் உண்டு: நடுவில் உள்ளிலைக் கொத்து, அதைப் பிடித்து நிறுத்தும் கட்டிலை, கண்ணுக்குத் தெரியும் மேலிலை. பார்வைக்கு அழகு தருவது மேலிலை என்பதால் எல்லோரும் அதிலேயே கவனம் வைக்கிறார்கள்; சுருட்டு ஒழுங்காக எரிவதும் அணைவதும் உள்ளிலைக் கொத்தில்தான் தீர்மானமாகிறது என்பதை நான் பத்துப் பதினைந்து சுருட்டை வீணாக்கிய பிறகே புரிந்துகொண்டேன்.

முதலில் இலையின் ஈரப்பதம். காய்ந்த இலையைத் தொட்டால் நொறுங்கும். ஆகவே முதல் நாள் மாலையே பூத்தூறலாக நீர் தெளித்து, பாலித்தீன் பையில் கட்டி இரவு முழுவதும் வைத்துவிட வேண்டும். மறுநாள் மேலிலையும் கட்டிலையும் மெல்லிய தோல்போல் வளைந்து கொடுக்க வேண்டும். உள்ளிலை அதைவிடச் சற்று உலர்ந்து, வளைந்தாலும் ஒடியாத பக்குவத்தில் இருந்தால் போதும், ஏனெனில் உள்ளே ஈரம் மிகுந்தால் புகை வராது. பிறகு நடு நரம்பை உருவி, இலையை இரண்டு பாதியாக்கிக்கொள்ளுங்கள். இடப்பாதியையும் வலப்பாதியையும் ஒன்றாகக் குவித்துவிடக் கூடாது. அவற்றை எதிரெதிர்த் திசையில் சுற்றினால்தான் பக்க நரம்புகள் சுருட்டின் நீளவாட்டில் படியும். மாற்றிச் சுற்றினால் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும்.

அடுத்து, உள்ளிலையை ஒவ்வொன்றாக விசிறிபோல் மடித்து உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். மடிப்புகளுக்கு இடையே விடும் இடைவெளிதான் புகை போகும் வழி. செடியின் உச்சியில் விளைந்த தடித்த இலை காரமானது, மெதுவாக எரிவது. அதைக் கொத்தின் மையத்தில் வைக்காமல் ஓரத்தில் வைத்தால் சுருட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து எரியும். இலை நுனிகள் பற்றவைக்கும் பக்கம் இருக்கட்டும். கட்டிலையைச் சுற்றியதும் விரலால் நீளவாட்டில் அழுத்திப் பாருங்கள்: கல்போல் தட்டுப்படும் இடத்தில் புகை அடைபடும், பள்ளமாக அமுங்கும் இடத்தில் சூடேறிக் கசக்கும். மேலிலை போடுவதற்கு முன்பே, பற்றவைக்காமல் வாயில் வைத்து உறிஞ்சிப் பார்ப்பது நல்லது. காற்று வராவிட்டால் கூச்சப்படாமல் பிரித்து மறுபடி கட்டுங்கள். மர அச்சு இல்லாதவர்கள் கொத்தைத் தாளில் இறுக்கிச் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தாலே அது வடிவத்தில் நின்றுவிடும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். வழுவழுப்பான ஒரு பலகையும் கூரான ஒரு கத்தியும் போதும். கியூபாவில் பிறை வடிவத் தகடொன்றை வைத்து அறுப்பார்கள். பீட்சா வெட்டும் உருளைக் கத்தியும் அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்கிறது என்று சொன்னால் அங்குள்ள கைவினைஞர்கள் என்னை மன்னிக்க வேண்டும். மேலிலையின் கடைசி முனையை ஒட்ட, சுவையில்லாத டிராககாந்த் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்து ஒரு சொட்டுத் தடவினால் போதும். ஐந்து அங்குல நீளமும் ஏறக்குறைய இருபது மில்லிமீட்டர் விட்டமும் பழகுவதற்கு ஏற்ற அளவு. மெலிந்த சுருட்டில் சிறு பிழையும் புகையை அடைத்துவிடும்.

தனியாகச் சுற்றிச் சலித்தால் யாரையாவது பக்கத்தில் அமர்ந்து படிக்கச் சொல்லுங்கள். ஹவானாவில் 1865 முதல் தொழிலாளர்களுக்குப் பத்திரிகையும் நாவலும் உரக்கப் படித்துக்காட்ட ஆள் அமர்த்தியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றியதுண்டு.

கேள்வி: கொல்லையில் நாலு புகையிலைச் செடி வளர்த்து அந்த இலையிலேயே சுற்றலாமா? கடையில் கிடைக்கும் வெற்றிலைப் புகையிலை உதவுமா?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: செடி வளரும், இலையும் காயும், ஆனால் காய்ந்த இலை சுருட்டிலை ஆகிவிடாது. சுருட்டுக்கான இலையை நிழலில் காற்றாட உலர்த்திய பின் பெரும் அம்பாரமாக அடுக்கிவைப்பார்கள். அந்தக் குவியல் தன் எடையாலும் ஈரத்தாலும் தானே சூடேறிப் புளிக்கும்போது அம்மோனியா வெளியேறி, காட்டமும் கசப்பும் தணியும். நாலு செடியின் இலையைக் குவித்தால் சூடு பிறக்காது. ஆகவே புளிக்கவைத்துப் பதப்படுத்திய இலையைக் கொஞ்சமாக வாங்கிப் பழகுவதே சரி. மெல்லுவதற்கான புகையிலையில் வெல்லப்பாகும் உப்பும் சேர்ந்திருக்கக்கூடும். உப்பில் உள்ள குளோரைடு இலையை எரியவிடாது. சிகரெட்டுக்காக வெப்ப அறையில் மஞ்சளாக உலர்த்திய வர்ஜீனியா இலையும் இதற்குப் பொருந்தாது.

கேள்வி: கணவர் தாமே சுற்றும் சுருட்டில் ரசாயனம் எதுவும் இல்லை, புகையை உள்ளே இழுப்பதும் இல்லை, ஆகவே கெடுதல் கிடையாது என்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: இல்லை. புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களில் பல, இலை புளிக்கும்போதும் எரியும்போதும் தாமாகவே உண்டாகின்றன; வெளியிலிருந்து யாரும் சேர்க்க வேண்டியதில்லை. புகையை உள்ளே இழுக்காதவருக்கும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான அபாயம் உண்டு. மேலே சொன்ன அளவுச் சுருட்டொன்றில் பத்து சிகரெட்டுக்கும் அதிகமான புகையிலை இருக்கிறது. சுற்றுவது கைவேலை, பிடிப்பது வேறு. நாளுக்கு ஐந்து சுற்றிப் பழகுபவர் ஐந்தையும் பிடிக்க ஆரம்பித்தால் நீங்கள் தடுப்பதே நியாயம். பழகும் காலத்தில் பாழாகும் சுருட்டுகளைப் பிரித்து அதே இலையை மீண்டும் சுற்றச் சொல்லுங்கள். இலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் அவசியம், ஏனெனில் நிகோட்டின் ஈர இலையிலிருந்து தோல் வழியாகவும் ஏறும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இலையைப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: சுற்றி வைத்த சுருட்டுகளில் குண்டூசித் துளைகள் விழுகின்றன. என்ன செய்வது?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அது புகையிலை வண்டின் வேலை. முட்டை இலையிலேயே இருந்திருக்கும். உங்கள் ஊர் வெப்பம் அதைப் பொரிக்கவைத்துவிட்டது. துளை விழுந்தவற்றை எறிந்துவிட்டு, மற்றவற்றைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஐந்தாறு நாள் உறைபெட்டியில் வையுங்கள். பின்னர் ஒரு நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்த பிறகே வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் மேலிலை வெடிக்கும். அதன்பின் 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும்படி மூடிய டப்பாவில் வைக்கலாம். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஈரம் இதைவிட ஏறிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், டப்பாவுக்குள் சிறிய ஈரமானி ஒன்றைப் போட்டு வாரம் ஒருமுறை பாருங்கள்.