கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் தோல் டாக்டர்களுக்கு வேலை இருக்குமா?

கேள்வி கேட்டவர் அநேகமாக மருத்துவ மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜியில் வாங்கிய ரேங்கைக் கையில் வைத்துக்கொண்டு, டெர்மா (தோல் மருத்துவம்) எடுக்கலாமா ரேடியாலஜி எடுக்கலாமா என்று தவிக்கிறவர். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். ஆனால் கேள்விக்குக் கீழே "நைட் டியூட்டி இல்லை, எமர்ஜென்சி இல்லை, கொரோனாவிலும் தோல் டாக்டர்கள் வீட்டில்தானே இருந்திருப்பார்கள்?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கொங்குப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர். சாயங்காலம் சின்னதாக ஒரு கிளினிக்கும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எங்கள் ஓபியை (புறநோயாளிப் பிரிவை) மூடிவிட்டு எங்களைக் காய்ச்சல் வார்டில் போட்டார்கள். ஏழு நாள் வேலை, ஏழு நாள் லாட்ஜில் தனிமை. படர்தாமரை பார்த்த கையால் மூக்கில் குச்சி விட்டுச் சளி மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே வீட்டில் இல்லை. ஐசியூவில் வென்டிலேட்டர் பார்த்தவர்கள் பட்டதோடு இதை ஒப்பிடவில்லை, கமெண்டில் அதற்காகச் சண்டைக்கு வர வேண்டாம்.

வார்டிலும் தோல் வேலை விடவில்லை. நர்சுகளுக்கு மாஸ்க் அழுத்தி மூக்குத் தண்டில் புண். கவச உடைக்குள் ஆறு மணி நேரம் வேர்த்து மார்பிலும் இடுப்பிலும் வேர்க்குரு, அதன் மேலே படர்தாமரை. நாளைக்கு முப்பது நாற்பது தடவை சோப்பும் சானிடைசரும் போட்டுக் கையெல்லாம் வெடித்து, கையுறை மாட்டும்போது கண்ணில் தண்ணீர் வரும். தேங்காய் எண்ணெயும் வாசலினும்தான் பெரும்பாலும் என் மருந்து. அதைச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அப்புறம் ஹைட்ராக்சி குளோரோகுயின் கூத்து. உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குகிற லூபஸ் என்ற நோய் உள்ளவர்கள் வருடக்கணக்காகச் சாப்பிடுகிற மாத்திரை அது. சுகாதாரப் பணியாளர்கள் முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் சொன்னதுதான் தாமதம், ஊரே வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டது. மார்ச் 26-ம் தேதி விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். அதற்குள் என் நோயாளி ஒரு பெண் ஒன்பது கடை ஏறி இறங்கியிருந்தாள். கடைசியில் அந்த மாத்திரை கொரோனாவுக்குப் பிரயோஜனமில்லை என்று பெரிய ஆய்வுகள் சொல்லிவிட்டன. அவள் முகத்தில் மறுபடி ஏறிய சிவப்புக்கு யார் பொறுப்பு?

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதெல்லாம் இல்லை. எங்கள் வேலையில் நிஜமாக மாறியது ஒன்றுதான்: நோயாளியைத் தொட முடியாமல் போனது.

போனில் வைத்தியம் பார்ப்பதற்கு 2020 மார்ச் 25-ம் தேதி மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. தோல்தானே, கண்ணால் பார்த்தால் போதுமே, உங்களுக்கு ரொம்ப வசதி என்று மற்ற துறை நண்பர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். வாட்ஸ்அப்பில் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது படம் வரும். பாதி ஆடிப்போன படம், கால்வாசி இருட்டு, மீதியில் ஃப்ளாஷ் அடித்து எல்லாமே வெளுப்பாக இருக்கும். மருந்துக் கடையில் தானாக வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு கலவைக் களிம்பால் உருவமே மாறிப்போன படர்தாமரைகள் வேறு.

இந்த இடத்தில் ஒரு சொந்தப் புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் குடியிருப்பில் எல்லோரும் பால்கனியில் நின்று டாக்டர்களுக்காகக் கை தட்டினார்கள். ஏப்ரலில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு தாள் வந்தது: மருத்துவமனைக்குப் போய் வருகிறவர்கள் லிஃப்ட் பயன்படுத்த வேண்டாம். நான் இருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் பராமரிப்புக் காசை மட்டும் குறைக்கவில்லை. அதே மாதம் ராத்திரி பத்து மணிக்குச் சங்கச் செயலாளர் தன் கால் நகத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "மேடம், ஃபங்கஸா பாருங்க" என்றார். பார்த்துச் சொன்னேன். ஃபங்கஸ்தான். ஃபீஸ் பற்றிப் பேச்சே எழவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் ஒரு விசைத்தறித் தொழிலாளியின் மகள் ஒரு படம் அனுப்பினாள். அப்பாவின் முன்கையில் ஒரு வெளிறிய படை. தறி ஓடவில்லை, பஸ்ஸும் ஓடவில்லை, ஊர் நாற்பது கிலோமீட்டர். அரிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். தேமல் என்று முடிவு கட்டி ஒரு களிம்பு எழுதி அனுப்பினேன். மொத்தம் இரண்டு நிமிடம். கவச உடை மாட்டப் போகும் அவசரம் வேறு.

எங்கள் ஓபி சுவரில் பல வருடமாக ஒரு வாசகம் இருக்கிறது: உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம். தினமும் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். நேரில் வந்திருந்தால் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் படையைத் தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று கேட்டிருப்பேன். முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று உருட்டிப் பார்த்திருப்பேன். சட்டையைக் கழற்றச் சொல்லியிருப்பேன். இது மூன்றையும் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது. வாட்ஸ்அப்பில் மூன்றுமே முடியாது.

2021 ஜனவரியில் அவரே வந்தார். "ஏனுங்க டாக்டரம்மா, நூலு முடிச்சுப் போட வரமாட்டேங்குதுங்க" என்று கையை நீட்டினார். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கியிருந்தன. சட்டையைக் கழற்றினால் முதுகில் ஏழெட்டுப் படைகள். அவரும் பார்த்ததில்லை, மகளும் படம் எடுக்கவில்லை. கை தெரிகிறது, கையை எடுத்து அனுப்பினார்கள். முதுகையும் காட்டு என்று கேட்க வேண்டியது நான்.

தொழுநோய்தான். அதற்கான பன்னிரண்டு மாதக் கூட்டு மருந்தும், நரம்பு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் தொடங்கினோம். நரம்பு பலவீனமாகி ஆறு மாதத்துக்குள் வந்தால் மீள நல்ல வாய்ப்பு உண்டு. விரல் எப்போதிலிருந்து மடங்கியது என்று கேட்டதற்கு "ஆடிக்கு முன்னாலயே மரமரன்னு இருந்துச்சுங்க, தறி ஓடாததால கவனிக்கல" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மாதம் தாண்டியிருந்தது.

நெறிமுறை என்னைக் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போனில் முடிவு செய்ய முடியாவிட்டால் நேரில் வரச் சொல் என்று அதிலேயே இருக்கிறது. பஸ் இல்லாதபோது எப்படி வரச் சொல்வது என்று இப்போது வாதாடலாம். குறைந்தபட்சம் அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லியிருக்கலாம், அதைச் சொல்லவில்லை.

எனக்கு மட்டும் நடந்த கதையும் இல்லை இது. உலகம் முழுக்கப் புதிதாகக் கண்டுபிடித்த தொழுநோயாளிகள் 2019-ல் இரண்டு லட்சத்துக்கு மேல். 2020-ல் ஒன்றே கால் லட்சம் சொச்சம். அதில் பாதிக்கு மேல் நம் நாட்டில். நோய் ஒரே வருடத்தில் அப்படிக் குறையுமா? வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர்கள் கொரோனா வேலைக்குப் போய்விட்டார்கள், ஆளைத் தேடவில்லை, ஆள் கிடைக்கவில்லை.

டெர்மா எடுத்தால் நிம்மதியா என்றால், சம்பாத்தியம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். லேசர் மெஷினுக்குக் கடன் வாங்கியிருந்த நண்பர்கள் 2020 முழுக்கத் தூங்கவில்லை. இரண்டாம் அலை முடிந்து 2021 ஜூலை, ஆகஸ்டில் முடி கொட்டுகிறது என்று கூட்டம் அலைமோதியது. காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதத்தில் கொட்டும், தானாக வளரும். அதைச் சொல்லி அனுப்பினால் "சும்மா அனுப்புறாங்க" என்று கோபம். ஆகவே வேலை இருக்கும், கவலைப்படாதீர்கள்.

தறிக்காரருக்கு மோதிர விரல் முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டது. சுண்டு விரல் நிமிரவில்லை. தறியை மருமகனிடம் விட்டுவிட்டு இப்போது தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுக்கிறார். போன மாதம் உள்ளங்கையில் ஒரு கொப்புளம் என்று மகள் படம் அனுப்பினாள். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். சூடான டீ டம்ளரைப் பிடித்திருக்கிறார், சுட்டது தெரியவில்லை.